மறைத்தொண்டும் மக்கள் மன்றமும்

சமயத் தொண்டர் ஒருவர் நாட்டின் சட்ட மன்றத்தில் அமருங்கால் எவருக்காகப் பேசுகிறார்? தம் திருச்சபைக்காகவா, தம்மைச் சூழ்ந்த மக்கள் அனைவர்க்குமாகவா? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் தீவுகளிலேயே கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் பணியாற்றியவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். ஆங்கில அரசின் முகவர் அவரே. ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியாரும் அவரே. செங்கோலும் வேதநூலும் ஒரே கையில் இருத்தல் நன்றன்று என்பது என் கருத்து. கேட்பவன் எதற்கு இணங்குகிறான், இறைவனுக்கா, அதிகாரிக்கா என்பது அவனுக்கே விளங்காமற் போகும். நம்மவர் என்பதற்காக இக்குறையை மறைத்தல் தகாது.

ஆயினும் சாலமனார் நடத்திய பள்ளியிலே பயின்ற சிறுவருள் ஒருவர், ஹா-சேவ்-கா என்னும் இயற்பெயர் கொண்டவர், பர்மாவின் மாந்தளைக்குச் சென்று கற்று, ஜான் ரிச்சர்ட்சனாக 1912-இல் ஊர் திரும்பினார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் அமர்ந்த அவர், புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியிலேயே பெயர்த்தார். இதனையே யான் பெரிதாகக் கருதுகிறேன். அயல்மொழியில் வந்த சமயத்துக்கு அரசின் நிழல் தேவைப்படலாம். தாய்மொழியில் பேசத் தொடங்கிய சமயத்துக்கு அந்நிழல் எதற்கு? மக்கள் கிறித்தவரான பின்னும் நிலத்தையும் தென்னையையும் பொதுவிற் கொண்ட துஹேத் என்னும் பெருங்குடும்ப முறையைக் கைவிட்டாரல்லர்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அத்தீவினர் பட்ட துயர் சொல்லில் அடங்காது. ஒற்றர் என்னும் பழி சுமந்து மாண்டோர் பலர், ரிச்சர்ட்சனும் துன்புறுத்தப்பட்டார். 1950-இல் அவர் துணைப் பேராயரானார். 1952-இல் குடியரசுத் தலைவர் அவரை நம் தீவுகளின் சார்பில் மக்களவைக்கு நியமித்தார்.

நியமனம் என்ற சொல்லை நாம் விரைந்து கடத்தலாகாது. அவருக்கு வாக்களித்தவர் ஒருவருமிலர். எனவே அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமையும் ஒருவருக்கும் சட்டப்படி இல்லை. போர்ட் பிளேயரிலோ நாடு கடத்தப்பட்டோரின் வழித்தோன்றல்களும் கிழக்கு வங்க அகதிகளும் தமிழரும் வாழ்ந்தனர். இந்துக்களும் இசுலாமியரும் அவருள் அடங்குவர். அவர் அனைவர்க்கும் இப்பேராயரே உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட்டவன் தன் கட்சிக்குக் கடன்பட்டவன் எனலாம். தேர்ந்தெடுக்கப்படாத கிறித்தவனுக்கோ தன் சபையினரைவிடப் பிறரே முதற்கண் கடன் கொடுத்தோர் அல்லரோ?

அவர் 1957 வரை அப்பதவியில் இருந்தார். 1967-இல் நம் மக்கள் முதன்முறையாகத் தாமே வாக்களித்து மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தனர். அதற்கு முந்திய ஆண்டே தீவுகளுக்கெனத் தனித் திருமண்டலம் அமைந்திருந்தது. ரிச்சர்ட்சன் அப்போது அதன் முதற் பேராயர் மட்டுமே.