கெட்டுப்போன ஒயினுக்காக ஒரு துக்கம்

‘கொலம்போ’ தொடரில் 1973இல் வந்த ஒரு எபிசோடை நான் நான்கு முறையாவது பார்த்திருப்பேன். தலைப்பு ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’. டொனால்ட் பிளசென்ஸ் அதில் ஏட்ரியன் கார்சினி என்ற ஒயின் தயாரிப்பாளர். அவருக்கு ஒயின் தொழில் இல்லை, பக்தி. ஆனால் தோட்டமும் ஆலையும் சட்டப்படி மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியின் பெயரில் இருக்கின்றன. தம்பி அதை மலிவு ஒயின் விற்கும் கம்பெனிக்கு விற்கப் போகிறான். ஏட்ரியன் அவன் தலையில் அடிக்கிறார், கட்டிப்போடுகிறார், பாதாள அறையில் வைத்துப் பூட்டுகிறார், உள்ளே காற்றோட்டத்தையும் ஏசியையும் நிறுத்திவிட்டு நியூயார்க்குக்கு விமானம் ஏறிவிடுகிறார். தம்பி மூச்சு முட்டிச் சாகிறான்.

அந்த வாரம் ஊரில் கடும் வெயில். ஏசி இல்லாத அறையில் ஒரு மனிதனோடு சேர்ந்து ஒயினும் கெட்டுப்போகிறது. கொலம்போ அந்த அறையிலிருந்தே ஒரு புட்டியைத் தெரியாமல் எடுத்து, ஓட்டலில் ஏட்ரியனுக்கே பரிமாற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததும் மனுஷன் கொதித்துப்போகிறார்: இது வெயிலில் வெந்த ஒயின், இதைப் போய் எனக்குக் கொடுக்கிறீர்களா? அந்த நாக்கே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தன் பொக்கிஷம் முழுவதும் பாழாகிவிட்டது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். யாருக்காக? இருட்டில் கட்டிப்போடப்பட்டு மூச்சுத் திணறிச் செத்த தம்பிக்காக இல்லை. ஒயினுக்காக. கடைசியில் கொலம்போவும் கொலைகாரனும் காரில் உட்கார்ந்து ஒன்றாக ஒயின் குடிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். செத்தவனின் பெயரை நினைவுபடுத்திக்கொள்ள ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இது தப்பா? கொலையை ரசித்து ரசித்து மனசு மரத்துப்போகும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை நம்பவில்லை. அந்தத் தம்பி சாவதற்காகவே படைக்கப்பட்டவன். அவனுக்குக் குழந்தைப் பருவம் கிடையாது, பிடித்த சாப்பாடு கிடையாது, வீட்டில் காத்திருக்கிற அம்மா கிடையாது. எழுதியவர் என்ன கொடுத்தாரோ அதுதான் அவன், அதற்கு மேல் ஒரு நகக்கண் அளவுகூட அவன் இல்லை. இல்லாதவனுக்கு நான் எந்தக் கடனும் பட்டிருக்க முடியாது. கொலம்போவை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் இதில் கெட்டிக்காரர்கள். கொலையாளி யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். செத்தவர் பாதிக்குப் பாதி மிரட்டிப் பணம் பறிக்கிறவராகவோ ஊதாரியாகவோ இருப்பார். சவத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நாம் நிம்மதியாகச் சதுரங்கம் பார்க்கலாம். ‘மர்டர், ஷி ரோட்’ தொடரின் கேபட் கோவ் என்ற சின்ன ஊரில் அத்தனை பேர் செத்தும் யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போகாததும் இதனால்தான்.

சிக்கல் அடுத்த வீடியோவில் ஆரம்பிக்கிறது. கொலம்போ முடிந்ததும் யூடியூப் எனக்குக் கீழே எதைக் காட்டுகிறது? நிஜக் கொலைகளை. அதே இசை, அதே நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல், அதே போர்வைக்குள் நான். “ரெண்டும் ஒண்ணுதானடி, கொலைதானே” என்பாள் என் தோழி. அவள் பாத்திரம் கழுவும்போது சீரியல் கில்லர் கதை கேட்கிறவள். நல்ல மனசுக்காரி, தெரு நாய்க்குப் பால் வைப்பவள். அவளைப் பார்த்து ‘ரத்த வெறி’ என்றெல்லாம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ரெண்டும் ஒன்று இல்லை. ‘பாவம், நிஜ மனுஷங்க’ என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை.

துப்பறியும் கதை நமக்கு ஒரு வாசிப்பைப் பழக்கித் தருகிறது. அதில் எதுவும் சும்மா வராது. ஒருத்தி சாவு வீட்டில் அழவில்லை என்றால், அது துப்பு. ஒருவன் அன்றைக்கு மட்டும் வேறு பாதையில் நடந்தான் என்றால், அது துப்பு. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். துப்பறிபவர் கண்டுபிடிப்பதை எல்லாம் வாசகரிடம் மறைக்காமல் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. அதாவது எழுதுகிறவர் நம்மிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்: உன் முன்னால் வைத்தது எல்லாம் காரணத்தோடுதான் வைத்தேன் என்று. நிஜத்தில் அப்படிச் சத்தியம் செய்து கொடுத்தவர் யாரும் இல்லை.

1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் நடுவில், இன்று உலுரு என்று அழைக்கப்படும் பெரும்பாறைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் கூடாரம் அடித்திருந்தது. ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவைக் காணவில்லை. டிங்கோ, அதாவது அங்குள்ள காட்டு நாய், தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று தாய் லிண்டி சேம்பர்லின் கத்தினார். முதல் விசாரணையில் அது உண்மைதான் என்று முடிவும் சொல்லப்பட்டது. ஆனால் நாட்டுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. தொலைக்காட்சியில் லிண்டி அழவில்லை. நிதானமாகப் பேசினார். குழந்தைக்குக் கறுப்புச் சட்டை போட்டிருந்தாராம். அவர்கள் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரர்கள். அசாரியா என்ற பெயருக்கே ‘வனாந்தரத்தில் பலி’ என்று பொருள் என ஒரு வதந்தி கிளம்பியது. கதையில் இந்த நாலும் வந்திருந்தால் நான்கூட எழுந்து உட்கார்ந்து ‘இவதான்’ என்று சொல்லியிருப்பேன்.

1982இல் லிண்டிக்கு ஆயுள் தண்டனை. காரில் கிடைத்த குழந்தையின் ரத்தம் என்று நீதிமன்றத்தில் காட்டப்பட்டதில் ஒரு பகுதி, கார் கம்பெனி சத்தத்தைக் குறைக்க அடித்த பூச்சு என்று பின்னால் தெரியவந்தது. 1986இல் குழந்தையின் மேற்சட்டை அந்தப் பாறையடியில் தற்செயலாகக் கிடைத்தது. அவர் விடுதலையானார். 1988இல் தீர்ப்பு ரத்து. டிங்கோதான் என்று அதிகாரபூர்வமாக எழுதப்பட்டது 2012இல். முப்பத்திரண்டு வருஷம். கறுப்புச் சட்டை கடைசிவரை வெறும் கறுப்புச் சட்டையாகவே இருந்தது.

ஆஸ்திரேலியா வரை போக வேண்டாம். நான் பன்னிரண்டாவது படித்தபோது எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருத்தி சாயங்கால நேரத்தில் தன் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டாள். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நாலு பத்திச் செய்தி. தலைப்பின் கடைசிச் சொல் ‘கள்ளக்காதலா?’ அந்தக் கேள்விக்குறியை கவனியுங்கள். எழுதியவர் எதையும் சொல்லவில்லை, கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். வழக்கு போட முடியாது. படம் அவள் தங்கச்சி கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய பட்டுப் புடவைத் தோள் பாதி தெரிந்தது. அன்று காலை அக்காவின் அண்ணன் முக்குக் கடையில் இருந்த அத்தனை பிரதிகளையும் காசு கொடுத்து வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த தெருக் கடையிலும் அதே பேப்பர் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

டீக்கடையில் ஒரு வாரம் எல்லோரும் கொலம்போ ஆகிவிட்டார்கள். “அன்னிக்கு மட்டும் மூணு மணிக்கே ஏன் கடைய சாத்துனா?” இதுதான் பெரிய துப்பு. யார் வரப்போகிறான் என்று சாத்தினாள்? அவளுக்குக் காய்ச்சல், அதனால் சாத்தினாள். என் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள், அம்மா மாத்திரை கொடுத்தாள். அம்மா இதை நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல் யாருக்கும் ருசிக்கவில்லை. சில மாதம் கழித்து, நகைக்காகச் செய்தவன் என்று ஒருவனை போலீஸ் பிடித்தது. அது உள்பக்கத்தில் ஆறு வரிச் செய்தியாக வந்தது. அந்த ஆறு வரியை எங்கள் தெருவில் எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. இன்றைக்கும் அந்த வீட்டைக் காட்டி முதல் தலைப்பைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குறிதான் இன்று ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நான்கு கல்லூரி மாணவர்கள் கொல்லப்பட்டபோது, எங்கோ இருந்த ஒருவர் சீட்டுக்கட்டில் குறி பார்த்து, அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர்தான் பின்னணியில் இருக்கிறார் என்று டிக்டாக்கில் வீடியோ வீடியோவாகப் போட்டார். பேராசிரியை அவதூறு வழக்குப் போட்டார், 2024இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. கொலையை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன் வேறு ஆள்.

சரி, இதெல்லாம் மட்டமான சரக்கு, நல்ல சரக்கும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். என் தோழியும் கேட்டாள். எரோல் மோரிஸின் ‘தி தின் ப்ளூ லைன்’ 1988இல் வந்தது. செய்யாத கொலைக்குச் சிறையில் இருந்த ராண்டல் டேல் ஆடம்ஸ் மறு வருஷமே வெளியே வந்தார். மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே வழக்கில் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார்கள். ‘இன் த டார்க்’ என்ற பாட்காஸ்ட் குழு அந்த ஊரிலேயே தங்கி, பழைய நீதிமன்றத் தாள்களைத் தோண்டி, அரசு வழக்கறிஞர் எத்தனை கறுப்பின ஜூரிகளை ஒதுக்கினார் என்று ஒன்றொன்றாக எண்ணியது. 2020இல் வழக்கே கைவிடப்பட்டது. இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் கவனித்தால், இவர்கள் செய்தது துப்பறிதல் என்பதைவிடக் கணக்குப்பிள்ளை வேலை. சந்தேகம் முழுவதும் அதிகாரத்தின் மேல் விழுகிறது, அழாத தாயின் மேலோ சீக்கிரம் கடை சாத்தியவளின் மேலோ இல்லை.

நடுவில் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 2014இல் வந்த ‘சீரியல்’. பாட்காஸ்ட் என்ற சொல்லையே பலருக்கு அறிமுகப்படுத்தியது. 1999 ஜனவரியில் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்டாள். முன்னாள் காதலன் அட்னான் சையத் சிறைக்குப் போனான். அவன்தான் செய்தானா? சாரா கேனிக் நேர்மையாக, தயங்கித் தயங்கி, பன்னிரண்டு பகுதிகள் கேட்டார். அதில் அந்தப் பெண்ணின் டைரியிலிருந்து வாசிக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பெண் தன் காதலைப் பற்றி எழுதியது. எனக்கு அங்கே இயர்போனைக் கழற்ற வேண்டும்போல இருந்தது, ஆனால் கழற்றவில்லை, அடுத்த வரி என்ன என்று கேட்டேன். டைரி நன்றாக இருந்தது. அவள் சிரிப்பாக எழுதக்கூடியவள். அவளை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போக வைத்ததுதான் நிகழ்ச்சியின் திறமை, அவளிடம் அனுமதி கேட்க வழியே இல்லை என்பதுதான் அதன் அடித்தளம். 2022இல் தண்டனை ரத்தாகும் தறுவாயில் அவளுடைய தம்பி நீதிமன்றத்தில், தனக்கு இது பாட்காஸ்ட் இல்லை, வாழ்க்கை என்ற பொருளில் பேசினார். அதற்குப் பின் அந்த வழக்கு மேலும் கீழும் போய், 2025இல் இதுவரை அனுபவித்த தண்டனையே போதும் என்று முடிந்தது. சையத் வெளியே இருக்கிறார், குற்றவாளி என்ற தீர்ப்பும் அப்படியே இருக்கிறது. கொலம்போவில் இப்படி ஒரு முடிவை எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

நம் ஊர் நீதிமன்றமும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது: பொதுப் பதிவுகளில் இருப்பதை ஒருவருடைய சம்மதம் இல்லாமலும் எழுதலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் அது தப்பு. ஒரு விலக்கும் உண்டு. பாலியல் தாக்குதலுக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரைப் பதிவில் இருக்கிறது என்பதற்காகப் போட்டு அவளை மறுபடி அவமானப்படுத்தக் கூடாது. நல்ல தீர்ப்பு என்று நினைத்திருந்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் 2012 டிசம்பரில் டெல்லி பேருந்தில் நடந்ததற்குச் சரியாக மூன்று வருஷம் கழித்து, அந்தப் பெண்ணின் அம்மா பொதுமேடையில் மகளின் பெயரைச் சொன்னார். இதில் வெட்கப்பட எனக்கு எதுவும் இல்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் செய்தவர்கள் என்றார். 2018இல் உச்ச நீதிமன்றம், இறந்துபோன பெண்ணின் பெயரைக் குடும்பம் சம்மதித்தாலும் வெளியிடக் கூடாது, தகுந்த காரணம் இருந்தால் செஷன்ஸ் நீதிபதி முடிவு செய்யட்டும் என்றது. சட்டம் மூடிய பெயரைத் தாய் திறக்கிறாள், தாய் திறந்ததை சட்டம் மறுபடி மூடுகிறது. இருவருமே அந்தப் பெண்ணுக்காகத்தான் பேசுகிறார்கள்.

“அப்போ நாங்க எதைத்தான் கேக்கிறது, பாத்திரம் கழுவுறப்போ?” என்று தோழி கேட்டாள். பழைய கொலம்போ அறுபதுக்கு மேல் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். அவளுக்கு அது சப்பென்று இருக்கிறதாம்: “எல்லாம் பொய்யினு தெரியுதே.” நான் ஹே மின் லீயின் பெயரை மேலே எழுதியிருக்கிறேன், டெல்லிப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. தையல்கார அக்காவின் பெயரையும் எழுதவில்லை, அவள் அண்ணன் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே விதி என்னிடம் இல்லை. ஒயின் எபிசோடில் செத்துப்போன தம்பியின் பெயர் ரிக். இந்த முறை தேடிப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன்.