மறு ஆரம்பம்

விஸில் ஊதுவது ரெஃபரியின் பாதி வேலைதான். ஆட்டம் எங்கிருந்து, யாரால், எப்படி மறுபடி துவங்கும் என்றும் அவர் சொல்லியாக வேண்டும். இடறிவிட்டால் நேரடி ஃப்ரீ கிக்; உடல் படாமல் வழி மறித்தால் மறைமுக ஃப்ரீ கிக். கோல் காக்கும் அணி தன் பெனால்டி எல்லைக்குள் இடறினால் பெனால்டி. இழந்ததற்கு ஈடு என்று இவற்றை நாம் நம்பிவிடுகிறோம்.

2010 ஜூலை 2, ஜோஹன்னஸ்பர்க். உலகக் கோப்பைக் கால் இறுதி, உருகுவே–கானா, 1–1, கூடுதல் நேரத்தின் கடைசிக் கணங்கள். கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தைக் கோட்டின் மேல் நின்று சுவாரஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. இதில் ரெஃபரி பிசகவில்லை. கியான் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போயிற்று. பிறகு பெனால்டிகளில் உருகுவே 4–2.

சட்டம் முழுக்க நிறைவேறியும் அநியாயம் என்கிறோம். பறிபோனது ஒரு கோல். திரும்பி வந்தது ஒரு வாய்ப்பு மட்டும். ரக்பியில் இப்படியான இடத்தில் ரெஃபரி புள்ளிகளையே தந்துவிடலாம். கால்பந்து, நடக்காததை நடந்ததாக எழுத மறுக்கிறது. அது நேர்மை என்றே எனக்குப் படுகிறது (ஒரு கானாக்காரர் முன் இதைச் சொல்லத் துணிவேனா என்பது வேறு). சுவாரஸும் விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் வெளியேறும் வழியில், கியான் தவறவிட்டதைப் பார்த்துத் துள்ளினார். அந்தக் கையைவிட அதுதான் என்னை உறுத்துகிறது.