வாசகரும் அலரும்: ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுப்பும் அறவினா

முன்னுரை

இலக்கியத்தில் பெண் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளாள் என்னும் ஆய்வு பெரும்பாலும் படைப்பாளியை நோக்கியே நிகழ்த்தப்படுகிறது. அவர் பெண்ணை உயர்த்தினாரா, தாழ்த்தினாரா, மரபைக் காத்தாரா, மீறினாரா என்பனவே வழக்கமான வினாக்கள். படைக்கப்பட்ட பெண்ணின்மீது தீர்ப்பு வழங்கும் வாசகர் இவ்வாய்வுகளில் அரிதாகவே பேசப்படுகிறார். கதைமாந்தர் உயிருள்ளவர் அல்லர். எனவே அவரைப் பற்றிய கருத்து எவரையும் புண்படுத்தாது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். இவ்வெண்ணம் பொருந்துமா? கற்பனைப் பெண்ணொருத்தியின்மீது வாசகர் வழங்கும் தீர்ப்புக்கு அறப்பொறுப்பு உண்டா? ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையையும் அதற்கு எழுந்த எதிர்வினையையும் முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கதையும் எதிர்வினையும்

‘அக்கினிப் பிரவேசம்’ 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்துநிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, அறிமுகமில்லாத இளைஞனின் காரில் ஏறுகிறாள். அவனால் உறவுக்கு உட்படுத்தப்படுகிறாள். வீடு திரும்பி நடந்ததைத் தாயிடம் கூறுகிறாள். அதிர்ச்சியுற்ற தாய், பின்னர்த் தெளிந்து, மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று தேற்றுகிறாள். நிகழ்ந்ததைப் பிறர் அறியாமல் காக்கிறாள்.

இம்முடிவு வாசகரிடையே பெரும் சலசலப்பை எழுப்பியது. ஒரு தாய் இவ்வாறு நடந்துகொள்ளமாட்டாள் என்பது எதிர்ப்பாளர் வாதங்களுள் முதன்மையானது. இதற்கு விடைகூறுவதுபோல் ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதில் தாய் கூச்சலிடுகிறாள். செய்தி வெளியே பரவுகிறது. அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அவள் படித்து, வேலைக்குச் சென்று, தன்காலில் நின்றபோதும் அந்த ஒரு மாலையிலிருந்து அவளால் மீள இயலவில்லை. எதிர்த்த வாசகர் எதனை இயல்பு என்றனரோ அதன் விளைவை நாவல் அவர்கள் முன்னரே விரித்துவைத்தது. 1972இல் அந்நாவல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

நடவாதது, நடக்கக் கூடாதது

‘தாய் இவ்வாறு நடவாள்’ என்னும் கூற்று உலகியல் பற்றிய கூற்றுப்போல் தோன்றுகிறது. ஆயின் அதனுள் ‘தாய் இவ்வாறு நடக்கக் கூடாது’ என்னும் விதி மறைந்துள்ளது. உலகியல் வழக்கையும் நாடக வழக்கையும் பிரித்தறிந்த மரபு நம்முடையது. நிகழத்தக்கதைப் புனைந்துரைக்கும் உரிமையைப் புலவர்க்கு வழங்கியதும் அம்மரபே. எத்தனையோ அரிய நிகழ்வுகளைக் கதையில் ஏற்றுக்கொள்ளும் வாசகர், மகளை மன்னித்த தாயை மட்டும் நம்ப மறுப்பாராயின் அம்மறுப்பு அழகியல் சார்ந்தது அன்று. அறக்கட்டளையே நம்பகத்தன்மை என்னும் பெயரில் அங்கே பேசுகிறது.

அலர் தூற்றும் வாசகர்

அகமரபில் இத்தகைய பேச்சுக்கு ஒரு பெயருண்டு. சிலரிடையே முணுமுணுப்பாக எழுவது அம்பல். ஊரெங்கும் வெளிப்படப் பரவுவது அலர். அலர் தூற்றுவோர்க்கு அகப்பாடலில் பெயரில்லை; தம் சொல்லுக்கு அவர்கள் பொறுப்பேற்பதுமில்லை. ஆயினும் தலைவியின் வாழ்க்கைப்போக்கை அச்சொல் மாற்றுகிறது. ஆங்கே அது பெரும்பாலும் வரைவை விரைவுபடுத்தப் பயன்பட்டது. கங்காவின் வாழ்விலோ திருமணத்திற்கான வாயிலையே அடைத்தது.

வாசகர் கூற்றும் இத்தகையதே. கதைப்பெண்ணை அது தீண்டாது என்பது மெய். ஆனால் வார இதழ் ஒரு வீட்டில் பலர் கைமாறிப் படிக்கப்படும் பொருள். கதையைப் படித்துவிட்டு, ‘இவளையெல்லாம் வீட்டில் சேர்க்கலாமா?’ என்று தந்தை கேட்பாராயின் அது காகிதப் பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த அறையிலிருக்கும் மகள் அதனைக் கேட்கிறாள். தனக்கு ஏதேனும் நேர்ந்தால் இவ்வீட்டில் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதை அவள் அன்று கற்றுக்கொள்கிறாள். வாசகரின் தீர்ப்பு அறப்பொறுப்புக்கு உரியதாவது இவ்விடத்தில்தான்.

அறத்தொடு நிற்றலும் மறைத்தலும்

களவு வெளிப்படும் முறையை அறத்தொடு நிற்றல் என்பது மரபு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உணர்த்துவர். உண்மை படிப்படியாக வெளிப்படுவதே அங்கே அறம். ஜெயகாந்தன் படைத்த தாயோ இவ்வரிசையை இடையில் நிறுத்திவிடுகிறாள், மகனுக்குக்கூட உணர்த்துவதில்லை. எனின் அவள் அறத்தினின்று வழுவினாளா?

இல்லை எனலாம். அகமரபில் வெளிப்படுத்தல், தலைவி விரும்பிய வாழ்வை அவளுக்குப் பெற்றுத்தரும் கருவி. அதே நோக்கத்திற்கு இங்கே மறைத்தல் துணைசெய்கிறது. தீமை பயவாத சொல்லே வாய்மை என்னும் வள்ளுவ நெறியும் இதற்கு அரணாகும். உண்மையைக் கூவிச்சொன்ன நாவலின் தாயினும், மௌனம் காத்த சிறுகதையின் தாயே அறத்தொடு நின்றவள்.

பரிவின் எல்லை

இதுவரை கூறியது தாயை ஆதரித்த வாசகர்க்கு ஆறுதலளிக்கலாம். இக்கட்டுரையாளரும் நெடுநாள் அவ்வாறுதலிலேயே நின்றவர். தமிழகத்திற்கு வெளியே நடத்திய முதுகலை வகுப்பொன்றில் இக்கதையைப் பாடமாக விளக்கியபோது, தாயின் பெருமையை விரிவாகப் பேசி முடித்ததும் மாணவி ஒருவர் கேட்டார்: “அந்தப் பெண் விவரமறியாதவளாக இல்லாமல், கொஞ்சம் விரும்பியே சென்றிருந்தால், அம்மா தண்ணீர் ஊற்றியிருப்பாரா? நீங்கள் அப்போதும் இப்படிப் பாராட்டுவீர்களா?”

அன்று உடனடியாக விடைகூற இயலவில்லை. மீண்டும் கதையை வாசித்தபோது, அப்பெண்ணின் குழந்தைத்தன்மையை ஆசிரியர் எவ்வளவு கவனமாக வலியுறுத்தியுள்ளார் என்பது புலனாயிற்று. அவள் பேதை என்பது உறுதிசெய்யப்பட்ட பின்னரே வாசகரின் பரிவு கோரப்படுகிறது. மேலும், நீரூற்றித் தூய்மைசெய்தல் என்னும் செயல், அங்கே அழுக்கொன்று படிந்தது என்பதை ஏற்றுக்கொண்டே நிகழ்கிறது. தலைப்போ சீதையின் தீக்குளிப்பை நினைவூட்டுவது. தீக்கு மாற்றாக நீர் வந்தது. சோதனையின் கடுமை தணிந்தது. ஆனால் தூய்மை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்னும் கட்டாயம் நீங்கவில்லை.

எதிர்த்தவர் அவள் கெட்டுவிட்டாள் என்றனர். ஆதரித்தவர் கெடவில்லை என்றனர். இருதரப்பும் விசாரித்தது அவள் உடலையே. அவள் இசைந்தாளா, இசையும் நிலையில் இருந்தாளா, அவ்விளைஞன் செய்தது எத்தகைய குற்றம் என்னும் வினாக்கள் விவாதத்தின் விளிம்பிலேயே நின்றன. பரிவுகொண்ட வாசகரும் அலரின் மொழியிலேயே பேசினார் என்பது கசப்பான உண்மை.

முடிவுரை

இதனால் ஜெயகாந்தனின் சாதனை குறைந்துவிடாது. 1966இல் வெகுசன இதழொன்றில் அத்தாயைப் படைத்தது துணிவான செயல். வாசகரின் எதிர்ப்பையே கருவாக்கி நாவல் எழுதியது அதனினும் அரிய செயல். ஆயின் படைப்பாளி சென்ற தொலைவோடு வாசகர் நின்றுவிட வேண்டியதில்லை. கதைப்பெண்ணைப் பற்றிக் கருத்துரைக்குமுன் இருவினாக்களை வாசகர் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம். நான் வழங்கும் பரிவுக்கு என்ன விலை கேட்கிறேன்? என் சொல்லை அருகிலிருந்து கேட்பவர் யார்? பெண் படைப்புகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இரண்டாம் வினா இன்னும் இன்றியமையாதது. அம்மாணவியின் கேள்விக்கு இன்று தரக்கூடிய விடை இதுவே: அவள் விரும்பியே சென்றிருந்தாலும் வீட்டின் கதவு திறந்திருக்க வேண்டும், அப்போது நீர் தேவைப்பட்டிராது.