விலகுதலும் விலக்குதலும்

விலகுதல் தன்வினை, விலக்குதல் பிறவினை. ‘க்’ என்னும் ஓர் ஒற்றினால் விளையும் இவ்வேறுபாடு அறத்தின் வேறுபாடாகவும் அமையக் கூடும் என்பதை மருத்துவ முறையொன்று நமக்கு உணர்த்துகின்றது.

தைரொயிட்டுச் சுரப்பி அயடீனை ஈர்க்கும் இயல்பினது. இவ்வியல்பைப் பயன்கொண்டு, 1941இல் பொஸ்ரன் நகரில் சோல் ஹேட்ஸ் என்னும் மருத்துவர் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனை முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு மருந்தாக அளித்தார். இன்று தைரொயிட்டுப் புற்றுநோய்க்கும் அச்சுரப்பியின் மிகைச் சுரப்புக்கும் அது வழங்கப்படுகின்றது. மகரகம வைத்தியசாலையில் இம்மருந்தை உட்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பும் தாயொருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் உடலிலிருந்து சில காலம் காமாக் கதிர்கள் வெளிப்படும். சிறுநீர், வியர்வை, உமிழ்நீர் ஆகியவற்றோடு அயடீன் கழியும். ஆதலின், தனிப்படுக்கை கொள்ளுமாறும் குழந்தையை மடியில் வைத்திராதிருக்குமாறும் மருத்துவர் பணிப்பர்.

இவ்விதி நம் இல்லங்களில் இருவகையாகப் பிறழக் கூடும். சிலர் இதனைத் துடக்கெனக் கொண்டு, குறித்த நாட்கள் கழிந்த பின்னும் அவளை அடுக்களைக்குப் புறம்பே நிறுத்துவர். வேறு சிலர், ‘பெற்ற பிள்ளைக்கு என்ன வந்துவிடும்?’ எனக் குழந்தையை அவள் மடியில் இருத்துவர். முன்னையோர் அளவை மறந்தனர். பின்னையோர் உரிமையை மறந்தனர்.

அயடீன் 131இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 8 நாட்கள். உடலிலிருந்து கழிவதனால் அதன் அளவு இன்னும் விரைவாகக் குறையும். தூரம் இருமடங்காயின் கதிரின் செறிவு ஏறத்தாழ நாலிலொன்றாகும். எனவே, இவ்விலகலுக்கு எல்லையும் முடிவும் உண்டு.

இனி, உரிமையை நோக்குவோம். பொதுமக்களுக்கு ஆண்டொன்றுக்கு 1 மில்லிசீவேட் என வரம்பிட்ட சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு, அறிந்தும் விரும்பியும் நோயாளியைப் பராமரிப்போர் சிகிச்சையொன்றுக்கு 5 மில்லிசீவேட் அளவுவரை ஏற்கலாம் என்கின்றது. குழந்தைகளுக்கு அத்தளர்வு இல்லை. அன்பின் பொருட்டு ஒருவர் தம் பங்கிற்கு இடரை ஏற்கலாம். அறியாதார் பங்கினையும் தாமே ஏற்றுக்கொடுத்தல் அறமாகாது. இரவுப் பேருந்தில் அருகே அமரும் கர்ப்பிணியும் அவ்வறியாதாருள் ஒருத்தியே.

தாய் தானே உணர்ந்து விலகும்பொழுது அது காத்தலாகின்றது. பிறர் அவளை ஒதுக்கும்பொழுது தண்டனையாகின்றது. அவள் உணர்ந்து விலகுதற்கு, காரணத்தையும் நாட்கணக்கையும் அவள் மொழியிலே எடுத்துரைத்தல் மருத்துவர் கடன். அந்நாட்கள் முடிந்தவுடன் தயங்காது அவள் மடியில் பிள்ளையைக் கொடுத்தல் குடும்பத்தார் கடன்.