கரை மாறும் காலம்



இராமேசுவரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசினால் தென்கடல் சீறும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும்; தென்கடல் தணியும். ஆகவே மீனவரில் பலர் படகோடும் வலையோடும் பருவத்துக்குப் பருவம் கரை மாறுகிறார்கள். ஒரு பக்கம் அடைபட்டதென்று தொழிலை வெறுப்பதில்லை.

இரா முழுதும் உழைத்தும் ஒன்றும் அகப்படாத இராயப்பரிடம், வலப்பக்கம் வலைவீசும்படி சேசுநாதர் சொன்னாரே! 153 பெரிய மீன்கள் அகப்பட்டன. மழை பொய்த்தபோது நம் மத்தூர்ப் பிள்ளைகள் ஓசூர் ஆலைகளுக்குப் போவதும் கரை மாறுவதே. அதை அவமானமென்று எண்ணாதீர்கள்.

ஆனால் எக்கரையும் உதவாத இரவும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அத்தீவின் தனுஷ்கோடியை அழித்தது. கூரையிழந்த கிறிஸ்தவக் கோவிலின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. அப்படிப்பட்ட இரவில் மாறிப்போக மறுகரை ஏது?

இராயப்பர் கரையேறியபோது, சேசுநாதர் கரிநெருப்பு மூட்டி, அப்பமும் மீனும் வைத்துக் காத்திருந்தார். மீனைக் காட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. நாமும் அந்த நெருப்பாயிருக்க வேண்டாமா? பிள்ளைகளைத் தூரமனுப்பித் தனித்திருக்கும் பெற்றோர் நம் பங்கிலே உண்டு. இன்று பூசை முடிந்ததும், அவர்களில் ஒருவர் வீட்டிலாவது அடுப்பெரிகிறதா என்று போய்ப் பாருங்கள்.

ஆமென்.