ஓர் இரவுக்குள் என்ன தெரியும்?

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இரண்டு பேர் இயேசுவின் பின்னால் நடக்கிறார்கள். எங்கே தங்கியிருக்கிறீர் என்று கேட்கிறார்கள். வந்து பாருங்கள் என்கிறார். போய்ப் பார்த்து, அன்று அவரோடேயே தங்கிவிடுகிறார்கள். அப்போது பின்னேரம் நாலு மணி இருக்கும் என்று நேரத்தைக்கூட மறக்காமல் எழுதிய நற்செய்தியாளர், அவர்கள் அங்கே என்ன கண்டார்கள், என்ன கதைத்தார்கள் என்று ஒரு வரியும் எழுதவில்லை.

கொட்டாஞ்சேனையில் பல வருடங்களாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். நம் இறையழைத்தல் முகாம்கள் 'வந்து பாருங்கள்' என்ற பெயரை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பெடியன்கள் சனிக்கிழமை குருமடத்துக்குப் போவார்கள், இரவு தங்குவார்கள், ஞாயிறு பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டோடு வீடு திரும்புவார்கள். கடவுள் ஒருவனை அழைக்கிறாரா என்பது அந்த ஓர் இரவில் தெரிந்துவிடுமா?

போன முறை நான் கூட்டிப்போனவர்களில் ஜம்பட்டா வீதிப் பெடியன் ஒருவன். தகப்பன் துறைமுகத்தில் வேலை. இராச்சாப்பாடு முடிந்ததும் குருமாணவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பானை கழுவ இறங்கினார்கள். அடிப்பிடித்த சோற்றுப் பானைக்குள் ஒருவர் தோள்வரை கையை விட்டுப் பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையின் மூலையில் ஓய்வுபெற்ற வயதான ஃபாதர் ஒருவர். கை நடுக்கம். ஒரு பிரதர் இடியப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சொதியில் ஊறவைத்து, அவசரப்படாமல் ஊட்டிவிட்டார். வாயோரம் வழிந்ததைத் துடைத்தார். மறுபடி ஊட்டினார். பெடியன் தன் கோப்பையைக் கழுவ மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரவுச் செபம் முடிந்து படுக்கப் போகும் நேரம் என்னிடம் வந்தான். "சேர், எப்பிடித் தெரியும்? என்ட மனசு கதைக்குதா, கடவுள் கதைக்கிறாரா எண்டு?"

சாமுவேலின் கதையைச் சொன்னேன். ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருந்த சிறுவனுக்குத் தன் பெயர் கேட்கிறது. ஏலி கூப்பிடுகிறார் என்று எழும்பி ஓடுகிறான். மூன்று தரம் ஓடுகிறான். பிரித்தறிய அவனுக்கும் தெரியவில்லை. மூன்றாம் தரம்தான் ஏலிக்கே விளங்குகிறது. கண் மங்கிய அந்தக் கிழவர் செய்தது ஒன்றுதான். திரும்பிப் போய்ப் படு, மறுபடி கூப்பிட்டால் இப்படிப் பதில் சொல் என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் பெடியனின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதற்குள் இருக்கிறது. கடவுள் நம் காதுக்குப் பழகாத குரலில் கூப்பிடுவதில்லை. தெரிந்தவர் குரலில், நமக்குள் கிளம்பும் ஆசையின் குரலில்தான் கூப்பிடுகிறார். ஆகவே 'என்ட மனசா, அவரா' என்று பிரிக்கத் தேவையில்லை. மனசு வழியாக வராமல் அது வேறு எந்த வழியால் வரும்?

அதற்காக, வருகிற ஆசையெல்லாம் அழைப்பு என்று நான் சொல்லவில்லை. புனித இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனாச் சண்டையில் குண்டுபட்டுக் கால் முறிந்து லொயோலாவில் படுத்திருந்தார். வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர் சரித்திரமும்தான். வாளும் சீமாட்டியுமாகக் கனவு கண்டபோது இனித்தது, கனவு கலைந்ததும் மனம் வறண்டது. பிரான்சிஸ்கு, தோமினிக்கு போல வாழ நினைத்தபோதும் இனித்தது, அந்த இனிப்பு பிறகும் தங்கியது. எது எவ்வளவு இனித்தது என்பதை விட்டுவிட்டு, எது தங்கியது என்று அவர் பார்க்கத் தொடங்கினார். முகாம் இரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில் பாட்டுப் பாடும்போது வரும் கண்ணீரை வைத்து நான் ஒன்றும் தீர்மானிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் டியூஷன் வகுப்பு வாங்கில் இருக்கும்போது அது என்ன ஆனது என்றுதான் கேட்பேன்.

இதனால்தான் சில முகாம்களில் ஞாயிறு மத்தியானமே படிவம் நீட்டுவதைப் பார்க்க மனம் கொதிக்கிறது. சேர விருப்பமா, இல்லையா, கையெழுத்துப் போடு. அழைத்தல் குறைந்துவரும் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த அவசரம் அநியாயம். எங்கள் கொட்டாஞ்சேனைக் கல்லூரியின் பெயருக்கு உரிய புனித ஆசீர்வாதப்பர், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கின் 58ஆம் அதிகாரத்தில், வருகிறவனுக்குக் கதவைச் சுலபமாகத் திறக்காதே என்கிறார். நாலைந்து நாள் தட்டட்டும். உள்ளே வந்த பிறகும் இரண்டு மாதம் கழித்து ஒழுங்கை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும், பிறகு ஆறு மாதம் கழித்து, பிறகு நாலு மாதம் கழித்து. போக விரும்பினால் போகலாம் என்ற விடுதலை அவனுக்கு உண்டு. ஒரு வருடம் அப்படி!

வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் பக்கம் போகும்போது விபுலானந்த அடிகள் நினைவுக்கு வருவார். துறவுக்கு முன் காரைதீவு மயில்வாகனமாக இருந்த அவர் விஞ்ஞானம் படிப்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து, அதன் பிறகே 1922இல் மயிலாப்பூர் மடத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. துறவு பெற்றது 1924இல். அவ்வளவு காலம் போனதால் அவருடைய அழைப்பு ஒன்றும் பழுதாகிவிடவில்லை.

ஜம்பட்டா வீதிப் பெடியன் இப்போது உயர்தரத்தில் வணிகம் படிக்கிறான். படிவத்தில் அவன் ஒன்றும் எழுதவில்லை. நான்தான் எழுத வேண்டாம் என்றேன். பல வாரம் கழித்து, மறைக்கல்வி முடிந்து கதிரை அடுக்கும்போது, "அந்த ஃபாதர் இன்னும் இருக்கிறாரா சேர்?" என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். வருகிற விடுமுறையில் ஒரு கிழமை அங்கே போய் நிற்கலாமா, அவருக்கு ஊட்ட விடுவார்களா என்றான். தாய்க்கு முழுச் சம்மதமில்லை, மறுக்கவும் இல்லை. பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.