இயங்குவதற்கு முன் இயக்குவது

தமிழில் 'இயங்கு' என்பது தன்வினை. 'இயக்கு' என்பது பிறவினை. 'திருந்து, திருத்து' என்பவற்றைப் போலவே மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறியதும், தான் செயற்படுவது பிறிதொன்றைச் செயற்படுத்துவதாகிறது. ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்குவதன் நுட்பம் முழுவதும் இந்த ஓரெழுத்து வேறுபாட்டுக்குள் அடங்கும். டெபியனின் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் அப்படியே ஒட்டிவிட்டு, கணினி ஏன் பூட் ஆகவில்லை என்று திகைப்பவர்கள் பலர். இயங்க வேண்டியது அங்கே இருக்கிறது. அதை இயக்குவது எது?

இயங்குதளம் வட்டில் கிடக்கிறது. வட்டைப் படிக்க ஒரு நிரல் வேண்டும்; அந்த நிரலும் வட்டில்தான் இருக்கிறது. தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வது என்னும் உவமையை ஆங்கிலத்தில் இந்தப் புதிருக்குப் பொருத்தி 'பூட்ஸ்ட்ராப்' என்றார்கள். அதன் சுருக்கமே 'பூட்'. தாய்ப்பலகையிலுள்ள சில்லில் எழுதப்பட்ட ஒரு சிறுநிரல் இந்தப் புதிரை அவிழ்க்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியில் அதற்குப் பெயர் பயோஸ். இன்று அதன் இடத்தில் யூஇஎஃப்ஐ நிற்கிறது.

பயோஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டுகளை நினைவகத்துக்கு எடுத்து, அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகளில் 55, ஏஏ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் கட்டுப்பாட்டை அங்கே ஒப்படைக்கும். இல்லையேல் அடுத்த சாதனத்தைத் தேடும். அந்த 512இல் பகிர்வு அட்டவணைக்கு 64, அடையாளத்துக்கு 2 போக, நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டுதான். யூஇஎஃப்ஐ சற்று கற்றறிந்தது. ஃபேட் கோப்பமைப்பை அது படிக்கும். 'இஎஃப்ஐ' அடைவுக்குள் 'பூட்' அடைவில் குறித்த பெயருள்ள ஏற்றி நிரலைத் தேடும். இரண்டுக்கும் பொது இதுவே: எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது இருக்க வேண்டும். ஒட்டிய ஐஎஸ்ஓ அந்த இடத்தில் இல்லை.

ஐஎஸ்ஓவைப் படிமம் என்கிறோம். தெய்வத் திருவுருவுக்கு வழங்கிய சொல் இங்கு மிகப் பொருந்துகிறது, ஏனெனில் அது ஒரு முழு வட்டின் உரு. ஐஎஸ்ஓ 9660 என்பது குறுந்தகட்டுக்கு வகுத்த தரம். அதன்படி ஒவ்வொன்றும் 2,048 பைட்டு கொண்ட முதல் 16 பிரிவுகளை, அதாவது 32,768 பைட்டுகளை, கோப்பமைப்பு தொடுவதில்லை. குறுந்தகட்டிலிருந்து கணினி தொடங்கும் முறையை 1995இல் வந்த 'எல் டொரிட்டோ' என்ற தரம் வகுத்தது. அதற்கும் அந்த இடம் தேவைப்படவில்லை. பின்னாளில் அந்த வெற்றிடத்திலேயே பென் டிரைவுக்கு வேண்டிய 512 பைட்டைப் பொருத்தினார்கள். அதனால் ஒரே கோப்பு குறுந்தகட்டின் உருவமாகவும் வன்வட்டின் உருவமாகவும் விளங்குகிறது. எனக்கு இது தீராத வியப்பு: காலியாக விட்ட முற்றத்தில் இன்னொரு வாசல் வைத்த பொறியியல்.

ஆகவே படிமத்தை ஒட்டக் கூடாது. முதல் பைட்டிலிருந்து எழுத வேண்டும். லினக்ஸில் 'டிடி' கட்டளை அதைத்தான் செய்கிறது. எட்சர் என்ற கருவியும், 'டிடி' முறையைத் தேர்ந்தால் ரூஃபஸ் என்ற கருவியும் அதே வேலையை விண்டோஸில் செய்து தருகின்றன. இலக்கு 'எஸ்டிபி' போன்ற முழுச் சாதனம். 'எஸ்டிபி1' என்ற பகிர்வு அன்று. எந்தப் பெயர் எந்த வட்டுக்குரியது என்பதை 'எல்எஸ்பிஎல்கே' காட்டும். கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யாமல் எழுதத் தொடங்காதீர்கள். பிழையாகக் கொடுத்தால் உங்கள் வன்வட்டு அழியும், கட்டளை மறுகேள்வி கேட்காது. எழுதுமுன் ஷா256 சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுங்கள். எழுதியபின் 'சிங்க்' முடியும்வரை பிடுங்காதீர்கள். திரையில் முடிந்தது என்று வந்தாலும் நினைவகத்தில் எழுதப்படாத பைட்டுகள் மிஞ்சியிருக்கலாம்.

வென்டாய் என்ற கருவி இவற்றிலிருந்து மாறுபட்டது. அது தன் ஏற்றியை முதலில் எழுதிவிடுவதால், பிறகு படிமங்களைக் கோப்பாகவே ஒட்டலாம். இயக்குவது முன்பே அமர்ந்துவிட்டது.

நிறுவும் படிமம் வேறு, நேரலைப் படிமம் வேறு. கிளவுஸ் நாப்பரின் நாப்பிக்ஸ் லினக்ஸ் 2000இலிருந்து பரப்பிய நேரலை முறையில், சுருக்கிய கோப்பமைப்பு படிக்க மட்டுமே திறக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில் அதன்மேல் ஒரு மெல்லிய ஏடாகப் படியும். மின்சாரம் நின்றதும் அந்த ஏடு மறையும். நாமாகத் தொடாத வரை, கணினியின் வன்வட்டு இருந்தபடியே இருக்கும்.